வாசிக்கிற விரலின் தோல்

எனக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. எதையும் பார்த்த ஞாபகம் இல்லாததால் அதை நினைத்து நான் பெரிதாக அழுததும் இல்லை. நான் அழுதது ஒரு விரலுக்காக. வலது கைச் சுட்டுவிரல்.

கண்டியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். என் புத்தகங்கள் பிரெயிலில் இருக்கும். தடித்த தாளில் குத்தி எழுப்பிய புள்ளிகள். இடது கை வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், வலது சுட்டுவிரல் ஓடும். எங்களைப் போன்றவர்கள் பத்து விரலாலும் வாசிப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பெரும்பாலும் ஒரு விரல்தான் பழகியிருக்கும். அந்த விரலிலும் நுனியில் ஒரு மிளகு அளவு இடம்தான் எழுத்தை அறியும்.

மரு அந்த மிளகு அளவு இடத்தில்தான் வந்தது.

முதலில் தாளில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். பிறகு புத்தகத்தில் பிழை என்று நினைத்தேன். பிரெயிலில் 'க' எழுத மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. நடுவில் இன்னொன்று சேர்ந்தால் 'ல' ஆகிவிடும். ஒருநாள் வகுப்பில் 'கதவு' என்பதை 'லதவு' என்று வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மேசைக்கடியில் கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தடவிப் பார்த்தேன். ரவை ஒட்டியது போல ஒரு சொரசொரப்பு. சுரண்டினால் போகவில்லை. கொஞ்ச நாளில் அது குண்டுமணி அளவுக்குத் தடித்து, எந்த எழுத்தின் மேல் வைத்தாலும் தன்னையே காட்டியது.

பிலிமத்தலாவையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் என் தங்கச்சிதான் தோல் டொக்டரிடம் கூட்டிப் போனாள். டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. என் விரலைப் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி மரு பிடிவாதமானது, சும்மா விட்டாலும் சிலருக்குத் தானாகப் போகும், ஆனால் அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார். எனக்கு அவ்வளவு காலம் இல்லை, இந்த விரலால்தான் நான் வாசிக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

“அப்படியென்றால் யோசித்துச் சொல்லுங்கள். உறைய வைத்து எடுக்கலாம். ஆனால் இந்த இடத்தில் நரம்பு மேலேயே இருக்கிறது. கொஞ்ச நாள் மரத்துப் போகலாம்.”

“எவ்வளவு நாள்?”

“ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக உணர்ச்சி திரும்பி வரும்.”

தங்கச்சி என் காதருகே, “பொதுவா வரும்னு சொல்றாங்க அக்கா” என்றாள். அந்த 'பொதுவாக' எனக்கும் கேட்டது. ஆனாலும் சரி என்றேன். அந்தச் சமயத்தில் வாசிக்கும்போது பக்கத்துக்கு நாலு தரம் தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன். இதைவிடக் கேடு என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றியது.

திரவ நைதரசன் என்றார்கள். மூடியைத் திறக்கும்போது 'ஸ்' என்று ஒரு சத்தம். மணமே இல்லை. “ரிதுணாம கியன்ன” என்றார் டொக்டர், வலித்தால் சொல்லுங்கள் என்று. பஞ்சுக் குச்சி பட்டதும் முதலில் குளிர், உடனே நெருப்பு. அது எலும்பு வரை இறங்கியது. நான் சொல்லவில்லை. இடது கையால் தங்கச்சியின் தாவணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தாதி வந்து பராமரிப்பைச் சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. கொப்புளம் போடும், உடைக்கக் கூடாது. சவர்க்காரம் போட்டு மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வாஸ்லின் மெல்லிசாகத் தடவிப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும்.

“சுத்திவரச் சிவப்பு பரவுதா, மஞ்சளாச் சீழ் வருதா, நிறம் மாறுதான்னு தினமும் நல்லாப் பாத்துக்கங்க. அப்பிடி ஏதும் இருந்தா ஒடனே வாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என் மடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைப் பிரம்பைக் கவனித்திருப்பார் போல.

“வீட்டுல யாராச்சும் பாப்பாங்கதானே?” என்றார்.

“பாப்பாங்க” என்றேன்.

எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு ஆளில்லை. என் கணவருக்கும் கண் தெரியாது. அவர் இருபது வயதுக்கு மேல் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளராக இருக்கிறார். அம்பிட்டியவில், மேட்டில், ஐம்பது அறுபது படி ஏறிப் போகிற வாடகை வீடு. நாங்கள் இரண்டு பேர்தான்.

அன்று மாலையே விரல் தெறிக்க ஆரம்பித்தது. மறுநாள் கொப்புளம் எழும்பிவிட்டது. திராட்சைப் பழம் போல இறுகி, உள்ளே தண்ணீர் அசைவது தெரிந்தது. சீழ் இருக்கிறதா என்று அறிய எங்களுக்குத் தெரிந்த வழி மணம்தான். காலையில் வேலைக்குப் போகும் முன் அவர் என் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். “மருந்து வாசம்தான் அடிக்குது. வேற ஒண்ணுமில்ல” என்பார். பிறகு நான் கழுவுவேன். ஒற்றி எடுக்கும்போது எங்கே துணி பட்டுக் கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிளாஸ்டரின் ஒட்டுகிற பகுதி கொப்புளத்தில் படாமல் ஒட்டுவது எனக்கு ஒரு பெரிய வேலை. மூன்று வீணாகும், நாலாவது சரிவரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீடியோ கோலில் காட்டச் சொன்னாள். அவர் ஃபோனைப் பிடித்தார், நான் விரலைப் பிடித்தேன்.

“அத்தான், அது சுவரு. கீழ எறக்குங்க. இன்னும் கீழ. இப்ப அக்காவோட காது தெரியுது.”

“காதா?” என்று அவர் சிரித்தார்.

“ஃபோன அசைக்காதீங்க. அக்கா, நீ விரல முன்னுக்குக் கொண்டு வா. நில்லு. நில்லு.” பிறகு அவள் குரல் மாறிவிட்டது. “ஐயோ அக்கா, கறுப்பா இருக்கே.”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குக் கறுப்பு என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பாவுக்குச் சீனி வியாதி இருந்தது. அவர் கால் பெருவிரல் 'கறுத்துப் போச்சு' என்று ஒருநாள் வீட்டில் சொன்னார்கள். அடுத்த வாரம் விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். கறுப்பு என்பது எனக்கு நிறமில்லை. அது வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்பதற்கு முன்னால் வருகிற வார்த்தை.

“கறுப்புன்னா எப்படி? முழுசாவா?” என்று என் கணவர் கேட்டார். நிறம் தெரிந்தவர் அவர். அவருடைய பயம்தான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அடுத்த வீட்டு ராத்தாவிடம் ஓடினேன். கண்டிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர் என்னை வாசலுக்கு இழுத்து வந்து, வெயிலில் என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

“கறுப்பில்ல புள்ள. கருஞ்செவப்பா ஈக்கிது. உள்ளுக்கு ரத்தம் கட்டினாப்ல.”

“சுத்திவர?”

“சுத்திவர கொஞ்சம் செவந்து ஈக்கிது.”

“பரவியிருக்கா?”

“நேத்து நா பாக்கல்லயே புள்ள, எப்பிடிச் செல்லுறது?”

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்திக்குக் கறுப்பு, இன்னொருத்திக்குச் சிவப்பு. என் விரலில் என்ன நடக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியலாம், எனக்கு மட்டும் தெரியாது. ராத்தா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு த்ரீவீல் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டொக்டர் பார்த்துவிட்டு, இரத்தக் கொப்புளம், இப்படி வருவது வழமைதான், தானாகக் காய்ந்துவிடும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் ராத்தா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து பார்த்து, “நேத்தைய அளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

பாடசாலையில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பாடங்கள் பாதிக்கு மேல் எனக்கு மனப்பாடம். புத்தகத்தை விரித்து வைத்து, பிளாஸ்டர் போட்ட விரலைத் தூக்கிக்கொண்டு, உள்ளங்கையை மட்டும் தாளில் வைத்து ஒப்பித்தேன். சில நாள் சரியாகப் போனது. ஒருநாள் முன் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்.

“டீச்சர், ஒங்க கை ஓடலையே?”

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டுப் பழகியவள். எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு தேடியும் வரவில்லை. விரலில் காயம், இன்றைக்கு நீங்களே வாசியுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தேன். உட்காரும்போது கதிரை நகர்ந்திருந்தது தெரியாமல் விழப்போனேன்.

கொப்புளம் சுருங்கிக் காய்ந்து, ஒரு காலைப்பொழுதில் தொப்பி போலக் கழன்று வந்தது. மருவும் அதோடு போய்விட்டது. அடியில் புதுத்தோல் பட்டுப்போல இருந்தது. கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அத்தனை சந்தோஷம். குளித்து, சாமிக்கு விளக்கு வைத்து, மேசையில் புத்தகத்தை விரித்து விரலை வைத்தேன்.

ஒன்றும் இல்லை.

தாள் இருந்தது தெரிந்தது. புள்ளி இல்லை. வெற்றுப் பக்கமோ என்று இடது கையால் பார்த்தேன். எழுத்து நிரம்பிக் கிடந்தது. மறுபடி வலது விரல். ஈரக் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தினேன். அழுத்தினால் புள்ளிதான் நசிந்தது. 

கொஞ்ச நாளில் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக விரலை எதிலாவது தேய்த்துப் பார்ப்பேன். சீமெந்துச் சுவர், வீடு கூட்டுகிற தும்புத்தடி, கொட்டிய அரிசி, அவருடைய சவரம் செய்யாத கன்னம். மற்ற விரல்களுக்கு எல்லாம் தெரிந்தது. இதற்கு மட்டும் தெரியவில்லை. விரலை எழுப்புகிறேன் என்று நினைத்து இன்னும் கடினமாகத் தேய்த்தேன்.

ஒருநாள் மாலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டியைக் கையாலேயே திருப்பிப் போடுவது என் வழக்கம். சூடு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ஏதோ கருகுகிற மணம் வந்தது. ரொட்டியின் ஓரம் என்று நினைத்துத் திருப்பினேன். மணம் போகவில்லை. அது மாவு கருகும் மணமும் இல்லை. பிறகுதான் என் சுட்டுவிரல் கல்லில் பட்டுக்கொண்டிருப்பதை அறிந்தேன். நடுவிரல் சுட்ட பிறகே அதைக்கூட அறிந்தேன்.

தண்ணீர்க் குழாயின் கீழ் கையை வைத்துக்கொண்டு கத்தினேன். வலியால் இல்லை. வலிக்கவில்லை என்பதால். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். புதுத்தோலில் மறுபடி ஒரு கொப்புளம்.

“இனி நீ அடுப்புப் பக்கம் வராத” என்றார்.

“அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? வாசிக்கவும் கூடாது, சமைக்கவும் கூடாதா?”

“ஒனக்கு ஃபோன் இருக்கு. எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுது. எதுக்கு இந்த ஒரு விரலக் கட்டிக்கிட்டு அழுற?”

“ஃபோன் வாசிக்குது. நான் கேக்குறேன். நான் வாசிக்கல.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒங்களுக்கு ஒண்ணு. நீங்க கண்ணால வாசிச்சவரு. கண்ணு போன பெறகு காதால கேக்குறீங்க. எனக்குக் கண்ணு போகவே இல்லங்க. இப்பத்தான் போகுது.”

அவர் பிரம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படிகளில் பிரம்பு தட்டும் சத்தம் கீழே கீழே போய் மழையில் கேட்காமல் போனது. அப்படி அவர் மழையில் இறங்கிப் போனதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். நனைந்து திரும்பி வந்தவர், கடையில் வாங்கின பிளாஸ்டர் பெட்டியை என் கையில் வைத்தார்.

மறுபடி டொக்டரிடம் போனேன். இந்த முறை என் கணவருடன். டொக்டர் ஏதோ மெல்லிய நூலால் விரலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

“இது தெரிகிறதா?”

“இல்லை.”

“இது?”

“இல்லை.”

“இது?”

தெரிகிறது என்று பொய் சொல்ல வாய் வந்தது. இல்லை என்றேன்.

டொக்டர் என் விரலைப் பிடித்தபடி, இங்கே தோல் ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று கேட்டார். சுவர், தும்புத்தடி எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “புதுத்தோலை நீங்களே அரத்தால் அராவுகிறீர்கள். அதைச் சும்மா விடுங்கள். கழுவுங்கள், ஈரப்பதமாக வைத்திருங்கள், சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதற்கு வைத்தியம்.”

“திரும்பி வருமா?”

“பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வந்திருக்கிறது. உங்களுக்கு வரும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.”

அவர் உண்மையைச் சொன்னதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு மனசு வரவில்லை. பஸ்ஸில் அம்பிட்டிய வரும்வரை சேலைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் வலது கையை, சுட்டுவிரல் மட்டும் எதிலும் படாதபடி பிடித்துக்கொண்டு வந்தார்.

சும்மா விடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தேய்த்துப் பார்க்காமல் ஒரு நாளைக் கடத்துவது பட்டினி கிடப்பது மாதிரி. விரலுக்குப் பருத்தித் துணியில் ஓர் உறை தைத்துத் தரச்சொல்லி ராத்தாவிடம் கேட்டேன். அதைப் போட்டுக்கொண்டால் தொடுகிற ஆசை கொஞ்சம் அடங்கியது. 

வேறு வழியில்லாமல் இடது சுட்டுவிரலை வாசிக்கப் பழக்கினேன். இத்தனை வருஷமும் வரியின் தொடக்கத்தில் காவல் நின்ற விரல் அது. எழுத்துத் தெரியாத விரல். முதல் வகுப்புப் பிள்ளைக்கான பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து அ, ஆ என்று ஆரம்பித்தேன். பட்டம் வாங்கிய நான், ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுத்தேன். நாலு வரி போனதும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஒரு மாலை அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் சொல்லிக்குடு.”

“ஒங்களுக்கு எதுக்கு? ஒங்களுக்குத்தான் ரெண்டும் ஒண்ணாச்சே.”

“சொல்லிக்குடுன்னு சொல்றேன்ல.”

அவருக்குப் பார்வை போன புதிதில் யாரோ பிரெயில் படிப்பிக்க முயன்று, விரலுக்கு ஏறவில்லை என்று விட்டுவிட்டாராம். இப்போது என் இடது விரலுக்குப் பின்னால் அவர் விரல் வந்தது. ஒரே வரியில் இரண்டு பேர். சில நாள் கழித்து நான் ஓர் எழுத்தில் சிக்கி நின்றேன். 

“ப” என்றார் அவர்.

“எங்க? இல்ல. இது ம.”

“நல்லாப் பாரு.”

பார்த்தேன். ப தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் விரலை எடுக்காமல் அதே எழுத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

உணர்ச்சி திரும்பி வந்தது. முழுசாக இல்லை. முதலில் அது வலியாகத்தான் வந்தது. தேசிக்காய் பிழியும்போது ஊசி குத்தினது போல விரலின் ஓரத்தில் ஒரு எரிச்சல். அந்த எரிச்சலுக்காக அன்று இன்னும் இரண்டு தேசிக்காயை வீணாக்கினேன். மெல்ல மெல்ல ஓரங்கள் விழித்துக்கொண்டன. நடுவில் மட்டும், மெல்லிய பொலித்தீன் ஒட்டியது போல, இன்னும் ஓர் இடம் மூடியே இருக்கிறது. டொக்டர் இனி அது அப்படியே இருந்துவிடவும் கூடும் என்கிறார். மரு திரும்பி வரவில்லை. அந்த வகையில் வைத்தியம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது இடது விரலால் வாசிக்கிறேன். பாதி வேகம். வகுப்புக்கு முதல் நாளே பாடத்தை ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் போகிறேன். பழைய மாதிரி, தெரியாத ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, அது இழுத்த இழுப்புக்கு ஓடுவது போய்விட்டது.

அவர் பிரெயிலில் ஓரளவு தேறிவிட்டார். சில மாலைகளில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுகிறார். தட்டுத் தடுமாறி வாசிப்பார், நான் திருத்துவேன். சில நாள் அவர் விரல் ஓடும் சத்தத்தைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். தாங்க முடியாத அளவுக்கு இருக்கும். அப்போது “இருங்க, நான் வாசிக்கிறேன்” என்று புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். நான் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.